வெளிநாட்டில் வீடு வாங்க பவர் எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: வெளிநாட்டில் ஒரு அடுக்குமாடி வீடு பேசி முடித்தாயிற்று. பத்திரப் பதிவு நாளில் நேரில் போக முடியாது. விற்கும் நிறுவனமே ஒரு வக்கீலைக் காட்டி, "இவர் பெயரில் பவர் எழுதிக் கொடுத்துவிடுங்கள், எல்லாவற்றையும் இவரே முடித்துவிடுவார்" என்கிறது. மாதிரிப் பத்திரமும் அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பலாமா?

பதில்:

பவர் கொடுக்கலாம். ஆனால் அந்த வக்கீலுக்குக் கொடுக்காதீர்கள், அந்த மாதிரியில் கையெழுத்தும் போடாதீர்கள்.

பவர் வழியாக வீடு வாங்குவது குறுக்குவழி என்று பயப்பட வேண்டியதில்லை. ஸ்பெயின், இத்தாலி, போர்ச்சுகல், துருக்கி, துபாய் என்று வெளிநாட்டார் அதிகம் வாங்கும் இடங்களில் இது அன்றாட நடைமுறை. ஆனால் முகவர், அதாவது நீங்கள் யாருக்குப் பவர் கொடுக்கிறீர்களோ அவர், போடும் கையெழுத்து சட்டப்படி நீங்கள் போட்ட கையெழுத்து. அவர் போட்டுவிட்டு வந்த பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று நீங்கள் நின்றால், பவர் பத்திரத்தில் அந்த அதிகாரம் எழுதியிருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் எதிர்த்தரப்பு பார்க்கும். போனில் சொன்னது, வாட்ஸப்பில் எழுதியது எல்லாம் உங்களுக்கும் முகவருக்கும் உள்ள தனி வழக்கு. வீடு அதற்குள் கை மாறியிருக்கும். அதனால் முத்திரை, சான்று பற்றியெல்லாம் பிறகு பேசுவோம். முதலில் வாசகத்தைப் பார்ப்போம்.

இப்படி வரும் மாதிரிகளில் பெரும்பாலும் முதல் பத்தியே இந்தச் சாயலில் இருக்கும்: "அந்நாட்டில் உள்ள எந்த அசையாச் சொத்தையும், தாம் பொருத்தமெனக் கருதும் விலைக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டு வாங்கவும், விற்கவும், அடமானம் வைக்கவும், அதற்கான தொகையைப் பெற்றுக்கொள்ளவும்..." கெட்ட எண்ணத்தோடு எழுதியது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அலுவலகங்கள் எல்லோருக்கும் ஒரே படிவத்தை வைத்திருக்கும். இரண்டாம் முறை உங்களிடம் கையெழுத்து வாங்க வராமலிருக்க எல்லா வினைச்சொற்களையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். வாங்குவதற்காக நீங்கள் கொடுத்த தாளை வைத்துக்கொண்டே, பதிவு முடிந்த மறுநாள் உங்கள் வீட்டை விற்கலாம், அதன் மேல் கடன் வாங்கலாம், வந்த பணத்தையும் அவரே பெற்றுக்கொள்ளலாம். வாங்கப் போகிறவருக்கு "விற்க", "அடமானம் வைக்க", "தொகை பெற்றுக்கொள்ள" ஆகிய மூன்றும் தேவையே இல்லை. அடித்துவிடுங்கள். வங்கிக் கடனில் வாங்குவதாக இருந்தால் மட்டும் அடமான அதிகாரம் வேண்டும். அப்போதும் இன்ன வங்கியில், இன்ன தொகைக்கு மிகாமல், இந்த வீட்டை வாங்க மட்டும் என்று எழுத வேண்டும்.

"எந்த அசையாச் சொத்தையும்" என்ற இடத்தில் அந்த வீட்டின் முழு விவரம் வரவேண்டும்: முகவரி, கதவு எண், பதிவேட்டு எண், கார் நிறுத்துமிடமும் சேர்ந்தால் அதன் எண், விற்பவர் பெயர். "பொருத்தமெனக் கருதும் விலைக்கு" என்ற இடத்தில் உச்சவரம்பு ஒன்று, அந்நாட்டு நாணயத்தில். வரி உட்படவா, வரி நீங்கலாகவா என்பதையும் எழுதுங்கள். பேசிய விலையையே அட்சரம் பிசகாமல் வரம்பாக வைத்தால் வேறு சிக்கல் வரும். கடைசி நேரத்தில் பரப்பளவுத் திருத்தமோ வரி மாற்றமோ வந்து தொகை கொஞ்சம் கூடினால், அங்கே பத்திரத்தை எழுதும் சட்ட அலுவலரான நோட்டரி அந்தப் பவரை ஏற்க மறுப்பார், ஏற்பாடு முழுவதும் தள்ளிப்போகும். சிறிது இடம் விட்டு வரம்பை வையுங்கள்.

அடுத்து, பெரும்பாலோர் கண்ணில் படாத ஒரு வரி: "முகவர் தமக்குத் தாமேயும், இரு தரப்பினர் சார்பாகவும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்." ஜெர்மன் வரைவுகளில் இது இன்னும் மறைவாக இருக்கும். சிவில் சட்டத்தின் 181ஆம் பிரிவின் கட்டுப்பாடுகளிலிருந்து முகவர் விடுவிக்கப்படுகிறார் என்று ஒரே வரியில் போய்விடும். ஒரே ஆள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கையெழுத்துப் போடக் கூடாது என்பதுதான் அந்தப் பிரிவு. அதிலிருந்து விடுவித்தால், விற்பவருக்காகவும் உங்களுக்காகவும் ஒருவரே முடிவெடுக்கலாம். விற்கும் நிறுவனம் காட்டிய வக்கீலுக்கு இந்த வரியும் சேர்ந்தால், பேரம் பேச உங்கள் தரப்பில் ஆளே இல்லை என்று பொருள்.

"மாற்று முகவரை நியமிக்கலாம்" என்பதையும் எடுத்துவிடுங்கள். வக்கீலுக்கு அன்று உடல்நிலை சரியில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதே அலுவலகத்தின் இன்னொரு வக்கீல் பெயரையும் பத்திரத்திலேயே போட்டு, இருவரில் ஒருவர் கையெழுத்திட்டால் போதும் என்று எழுதினால் தீர்ந்தது. "ரத்து செய்ய முடியாத பவர்" என்ற சொல் கண்ணில் பட்டால் நிறுத்திக் கேளுங்கள். இங்கிலாந்தின் 1971ஆம் ஆண்டு பவர் சட்டம், முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமை இருந்தாலோ, அவருக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடப்பாடு ஒன்றுக்குப் பிணையாகக் கொடுத்தாலோதான் அத்தகைய பவருக்கு இடம் தருகிறது. காசு கொடுத்து வீடு வாங்குகிறவர் அப்படி எழுதிக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. முடிவுத் தேதியும் போடுங்கள். ஆறு மாதம் பொதுவாகப் போதும். கட்டி முடியாத வீடென்றால் ஒப்படைப்புத் தேதியைக் கணக்கில் வைத்து நீட்டுங்கள்.

இவ்வளவு வெட்டச் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: அளவுக்கு மீறிக் குறுக்கினாலும் அவதிதான். பதிவுக்கு முன்னும் பின்னும் சில்லறை வேலைகள் நிறைய உண்டு. வரி எண் வாங்க வேண்டும். ஸ்பெயினில் வெளிநாட்டவர் அடையாள எண், போர்ச்சுகலிலும் இத்தாலியிலும் வரி எண், இவை இல்லாமல் பத்திரம் நகராது. சொத்து வாங்கியதற்கான வரியைக் கட்ட வேண்டும், பத்திரத்தைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், மின்சாரம், தண்ணீர் இணைப்புகளைப் பெயர் மாற்ற வேண்டும், சாவி வாங்க வேண்டும். முக்கியமாக, எழுத்துப் பிழை திருத்தும் அதிகாரம். பத்திரத்தில் உங்கள் பெயரில் ஓரெழுத்து தப்பினால் திருத்தப் பத்திரம் போட வேண்டும். அந்த அதிகாரம் எழுதாமல் விட்டிருந்தால், அந்த ஓரெழுத்துக்காகப் புதுப் பவர், புதுச் சான்று, புது மொழிபெயர்ப்பு என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில நாடுகளில் திருமண விவரமும் கேட்பார்கள். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நோட்டரிகள், கணவன் மனைவியின் சொத்து பொதுவானதா தனித்தனியானதா என்று பத்திரத்தில் எழுதுவார்கள். பவரிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். முகவர் அங்கே உட்கார்ந்து ஊகித்துச் சொல்லக் கூடாது.

பெயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம்மவர்களுக்கு இதில்தான் அடிக்கடி இடறுகிறது. குடும்பப் பெயர் இல்லாமல் முதலெழுத்து வைத்து எழுதுகிறோம். கடவுச்சீட்டில் அது விரிந்து அப்பா பெயராக நிற்கும், வங்கிக் கணக்கில் சுருங்கி நிற்கும், வரி எண் அட்டையில் முன்பின்னாக மாறியிருக்கும். வெளிநாட்டு நோட்டரிக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். பவரில் கடவுச்சீட்டில் உள்ளபடியே, அதே வரிசையில், எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். கூடவே பிறந்த தேதி, பிறந்த ஊர், கடவுச்சீட்டு எண். பதிவுக்கு முன் கடவுச்சீட்டு காலாவதியாகும் நிலையில் இருந்தால், முதலில் அதைப் புதுப்பித்துவிட்டுப் பவருக்கு வாருங்கள்.

இனி முத்திரைக் கதை. "நோட்டரி" என்ற ஒரே சொல் இரண்டு வேறு ஆட்களைக் குறிக்கிறது. இந்தியா, அமெரிக்கா போன்ற இடங்களில் நோட்டரி பெரும்பாலும் கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான் என்று சான்று சொல்பவர். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அவர் பொறுப்பல்ல. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் லத்தீன் அமெரிக்காவிலும் நோட்டரி என்றால் ஆவணத்தைத் தானே எழுதி, படித்துக் காட்டி, சட்டப்படி சரி என்று பொறுப்பேற்கும் சட்ட அலுவலர். இத்தாலியின் சிவில் சட்டம் 1392ஆம் பிரிவில், ஒப்பந்தம் எந்த வடிவில் இருக்க வேண்டுமோ அதே வடிவில்தான் அதற்கான பவரும் இருக்க வேண்டும் என்கிறது. ஸ்பெயின் நோட்டரி வெளிநாட்டுப் பவரைக் கையில் வாங்கும்போது, அந்த நாட்டு நோட்டரி தனக்கு ஈடான வேலையைச் செய்தாரா என்று எடைபோடுவார். பிரான்சில் வீட்டோடு அடமானமும் எழுதுவதாக இருந்தால், பவரும் நோட்டரி முன் எழுதிய ஆவணமாக இருக்க வேண்டும். ஆகவே உங்கள் ஊர் நோட்டரியிடம் ஓடும் முன், வரைவை அந்த நாட்டு நோட்டரிக்கு அனுப்பி, "இந்த வாசகமும் இந்த வடிவமும் உங்களுக்குப் போதுமா?" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு மின்னஞ்சல் மற்ற எல்லா முத்திரைகளையும் விட உங்களுக்கு உதவும். துருக்கியில் நிலப் பதிவு அலுவலகத்துக்கான பவரில் உங்கள் புகைப்படம் ஒட்டியிருக்க வேண்டும். இந்த மாதிரிச் சின்ன விஷயமெல்லாம் அப்படிக் கேட்டால்தான் முன்கூட்டியே தெரியும்.

நோட்டரி கையெழுத்துக்கு மேல் வருவது அப்போஸ்டில், அதாவது அந்தக் கையெழுத்து உண்மை என்று வெளிநாட்டுக்குச் சொல்ல அரசு தரும் சான்று. 1961 அக்டோபர் 5ஆம் தேதி ஹேக் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி தருவது இது. இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகளில் செல்லும். இந்தியாவில் 2005 முதல், சீனாவில் 2023 நவம்பர் முதல், கனடாவில் 2024 ஜனவரி முதல். அந்தச் சான்றை எடுத்துப் பார்த்தால், சதுரக் கட்டத்தில் பத்து எண்ணிட்ட வரிகள் இருக்கும். எந்த நாடு, யார் கையெழுத்திட்டார், எந்தப் பதவியில், எந்த முத்திரை, எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் சான்றளித்தார், சான்று எண், முத்திரை, கையெழுத்து. அவ்வளவுதான். நடுவில் உள்ள பவர் நல்லதா கெட்டதா, செல்லுமா செல்லாதா என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. "அப்போஸ்டில் வாங்கியாச்சு, இனி செல்லும்" என்று யாராவது சொன்னால், நோட்டரியின் கையெழுத்து உண்மை என்று மட்டும் தெரிந்துகொண்டோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருந்தால் மட்டும் போதாது, ஒன்றையொன்று ஏற்றிருக்கவும் வேண்டும். இந்தியா சேர்ந்ததை ஜெர்மனி ஆட்சேபித்தது, அதனால் இந்திய அப்போஸ்டில் அங்கே செல்லாது. ஐக்கிய அரபு அமீரகம் உடன்படிக்கையிலேயே இல்லை. அங்கே எடுத்துச்செல்ல உங்கள் நாட்டு வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம், பிறகு அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று படிப்படியாகச் சான்று ஏற வேண்டும். அதன் மேல், அங்கே உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த அரபு மொழிபெயர்ப்பும் வேண்டும்.

இந்தச் சுற்றை மிச்சப்படுத்த ஒரு வழி உண்டு. சொத்து இருக்கும் நாட்டின் தூதரகம் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், அங்கேயே பவர் எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஸ்பெயின், இத்தாலி, துருக்கி போன்ற நாடுகளின் தூதரக அதிகாரிகளுக்கு நோட்டரி அதிகாரம் உண்டு. தூதரகம் தரும் ஆவணத்துக்கு அப்போஸ்டில் தேவையில்லை, உடன்படிக்கையின் முதல் பிரிவே அவற்றை விலக்கி வைத்திருக்கிறது. ஆவணமும் அந்நாட்டு மொழியில், அவர்கள் பழகிய வடிவில் வந்துவிடும். சந்திப்பு நேரம் கிடைப்பதுதான் பாடு. உங்களுக்குப் புரியாத மொழியில் எழுதிய பவரானால், இரண்டு பத்தியாக, பக்கத்திலேயே உங்களுக்குத் தெரிந்த மொழியிலும் எழுதச் சொல்லுங்கள். எந்த மொழிப் பிரதி முடிவானது என்றும் ஒரு வரி சேருங்கள்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருப்பதே சங்கடம்தான், ஆனால் சொல்லியாக வேண்டும். தாய்லாந்தில் நிலப் பரிவர்த்தனைக்கு நில அலுவலகத்தின் சொந்தப் பவர் படிவம் இருக்கிறது. "நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம்" என்பது அங்கே பழைய உத்தி. விவரங்களை நிரப்பும் முன் கையெழுத்திடாதீர்கள் என்று அந்தப் படிவத்திலேயே எச்சரிக்கை அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

யாருக்குக் கொடுப்பது? அந்த நாட்டு வழக்கறிஞர் சங்கப் பட்டியலில் பெயர் உள்ள, விற்பவரிடமோ தரகரிடமோ பணம் வாங்காத, நீங்களே தேடிப் பிடித்த வக்கீலுக்கு. பட்டியலை இணையத்தில் நீங்களே பாருங்கள். தொழில் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே வசிக்கும் சொந்தக்காரருக்குக் கொடுக்கலாமா என்றால், நம்பிக்கையில் குறை இல்லை. ஆனால் பதிவேட்டில் கடன் சுமை இருக்கிறதா, கட்டட அனுமதி இருக்கிறதா, பொதுப் பராமரிப்புப் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் பழக்கம் அவருக்கு இருக்காது. சாவி வாங்க, வீட்டைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்து அனுப்ப அவர் நல்ல ஆள். கையெழுத்து வக்கீலிடம் இருக்கட்டும்.

பணம் பவரோடு சேரக் கூடாது. முகவரின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது. பிரான்சில் விலை முழுவதும் நோட்டரியின் கணக்கு வழியாகவே போகும். இங்கிலாந்தில், கட்சிக்காரரின் பணத்தை வழக்கறிஞர் தன் பணத்தோடு சேர்க்காமல் வைக்கும் தனிக் கணக்கு இருக்கிறது. ஸ்பெயினில் உங்கள் பெயரில் உள்ள கணக்கிலிருந்து வங்கிக் காசோலை எடுத்து நோட்டரி முன் கொடுப்பது வழக்கம். "கணக்கு எண் மாறிவிட்டது, இதில் போடுங்கள்" என்று கடைசி நாளில் மின்னஞ்சல் வந்தால் அதற்குப் பதில் எழுதாதீர்கள். முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் நாட்டின் அந்நியச் செலாவணி வரம்பையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடியது 2,50,000 டாலர். விலை அதைத் தாண்டினால், பதிவு நாளன்று முகவர் அங்கே காத்திருப்பார், பணம் இங்கே நிற்கும்.

உங்களுக்கே இல்லாத உரிமையைப் பவர் உண்டாக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். தாய்லாந்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் விற்பனைப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டார் பெயரில் இருக்கலாம். கனடா 2023 ஜனவரி முதல் வெளிநாட்டார் குடியிருப்பு வாங்குவதை, சில விலக்குகளோடு, தடை செய்தது. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் முதல் பழைய வீடுகளுக்கு அதையே செய்தது. சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை 60 சதவீதம். உள்ளூர் முகவர் கையெழுத்துப் போடுவதால் இவை எதுவும் மாறாது. "உங்கள் பவரை வைத்து என் பெயரில் வாங்கி வைக்கிறேன்" என்று யாராவது யோசனை சொன்னால், வீடு அவருடையது, பணம் உங்களுடையது, அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் பவரின் அசலைத் திரும்ப வாங்குங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஜெர்மன் சட்டத்தில், அசல் ஆவணத்தைக் காட்டும் முகவரை மூன்றாம் ஆள் நம்பலாம். ஆவணம் திரும்பி வரும்வரை, அல்லது அது செல்லாது என்று முறைப்படி அறிவிக்கும்வரை, நீங்கள் மனதளவில் ரத்து செய்ததற்கு மதிப்பில்லை. இடையில் ரத்து செய்ய நேர்ந்தால் முகவர், நோட்டரி, விற்பவர், வங்கி என்று நால்வருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது என்பது பொது விதி. ஆனால் ஜெர்மனியில் வேறு எழுதாவிட்டால் தொடரும் என்றே கொள்வார்கள். கூட்டாக வாங்கும் தம்பதிகள் இதைப் பத்திரத்தில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

இவ்வளவும் படித்துத் தயங்கினால், பவர் இல்லாமலே முடியுமா என்றும் கேளுங்கள். இங்கிலாந்தில் வாங்குபவர் எங்கும் ஆஜராக வேண்டியதில்லை, பத்திரம் தபாலில் வரும், எதிரில் ஒரு சாட்சியை வைத்துக் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். பிரான்சில் 2020 நவம்பர் ஆணைக்குப் பிறகு, பிரெஞ்சு நோட்டரியே காணொளி வழியாக உங்களிடமிருந்து பவர் எழுதி வாங்கலாம். ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் இன்னொரு வழி உண்டு. பவரே இல்லாமல் ஒருவர் உங்களுக்காகக் கையெழுத்திடுவார், நீங்கள் பிறகு முழுப் பத்திரத்தையும் படித்துவிட்டு நோட்டரி முன் ஒப்புதல் கொடுப்பீர்கள். ஒப்புதல் கொடுக்கும்வரை அது உங்களைக் கட்டாது. எனக்கு இந்த முறைதான் பிடித்தது, ஏனென்றால் கடைசிச் சொல் உங்களிடம் இருக்கிறது. விற்பவர் அவசரப்படாதவராக இருந்தால் ஒத்துக்கொள்வார்.

உங்கள் விஷயத்தில் இப்போது செய்ய வேண்டியது: அந்த நிறுவனத்துக்கு, "என் தரப்பு வக்கீலை நான் நியமித்துக்கொள்கிறேன், கிரயப் பத்திர வரைவையும் பதிவேட்டு நகலையும் அவருக்கு அனுப்புங்கள்" என்று எழுதுங்கள். ஒழுங்கான விற்பனையாளர் இரண்டையும் அனுப்பிவிடுவார். "எங்கள் வக்கீல்தான் வேண்டும், இல்லாவிட்டால் முன்பதிவு ரத்து" என்று பதில் வந்தால், முன்பணம் கட்டும் முன்பே அது தெரிந்ததே என்று வேறு வீடு பாருங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால், முன்பதிவு ஒப்பந்தத்தைத்தான் புது வக்கீலிடம் முதலில் காட்ட வேண்டும், பவரை அல்ல.